ஸ்கூபா ரெகுலேட்டர்: வாடகையா, பிஸ்டனா, டயாஃப்ரமா? மதுரைல இருந்துக்கிட்டு வாங்குறவங்களுக்கு

ஸ்கூபா டைவிங்குக்கு சொந்தமா ரெகுலேட்டர் வாங்கலாமா, வாங்குனா எதன்னு போன மாசத்துல மட்டும் மூணு பேரு என்கிட்ட ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. ஒருத்தரு திருநகர்க்காரரு, பேங்க்ல வேல, அந்தமான் போயி ஓப்பன் வாட்டர்ங்கிற ஆரம்ப டைவிங் கோர்ஸ் முடிச்சுட்டு வந்ததுலருந்து அவருக்கு வேற பேச்சே இல்ல. இன்னொருத்தன் என் சித்தப்பா மகன், சிவகங்கைல இருக்கான், துபாய்லருந்து அவன் கூட்டாளி ஒருத்தன் வர்றானாம், "அண்ணே, வர்றப்பவே ஒரு ரெகுலேட்டர் கொண்டாரச் சொல்லவா, எதச் சொல்லட்டும்"னு ராத்திரி பதினோரு மணிக்கு போன். மூணாவது, டைவ் மாஸ்டர் ஆகணும்னு தூத்துக்குடிக்கும் பாண்டிச்சேரிக்கும் அலைஞ்சுக்கிட்டு இருக்குற ஒரு பொண்ணு. கேள்வி ஒன்னுதான், ஆனா மூணு பேருக்கும் மூணு பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு, ஏன்னு சொல்றேன்.

முதல்ல, தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. வீட்டுல கேஸ் சிலிண்டர் மேல மாட்டுற ரெகுலேட்டர் என்ன பண்ணுது, உள்ள இருக்குற அழுத்தத்த அடுப்பு தாங்குற அளவுக்குக் கொறச்சுக் குடுக்குது. ஸ்கூபா ரெகுலேட்டரும் அதே வேலதான், ஆனா ரெண்டு படியா. முதுகுல கட்டுற காத்து சிலிண்டர் வாயில மாட்டுறது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அது 200 பார் அழுத்தத்த, சுத்தி இருக்குற தண்ணி அழுத்தத்துக்கு மேல ஒரு 9, 10 பார் அளவுக்கு எறக்கும். வாயில கடிச்சுக்கிறது செகண்ட் ஸ்டேஜ், நீங்க இழுக்குறப்ப மட்டும் அந்த ஆழத்துக்கு ஏத்த அழுத்தத்துல காத்து விடும். 1943ல ஃப்ரான்ஸ்ல கூஸ்தோவும் எமீல் கன்யானும் சேந்து பண்ணதுதான் இதுக்கு மூலம், யுத்த காலத்துல பெட்ரோல் கெடைக்காம கேஸ்ல கார் ஓட்டுறதுக்காக கன்யான் செஞ்சு வச்சிருந்த ஒரு வால்வுலருந்துதான் அது ஆரம்பிச்சுச்சு. நம்ம அடுப்புக்கும் அதுக்கும் ஒறவு இருக்குன்னு சும்மா சொல்லல.

## எத வச்சு முடிவெடுக்குறது

கடைக்காரங்க, வீடியோ போடுறவங்க எல்லாம் "எப்படி ஸ்மூத்தா மூச்சு வருது பாருங்க"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நான் அத கடைசில வைக்கிறேன், எனக்கு வரிசை இதுதான்:

1. வருஷத்துக்கு உண்மையாவே எத்தன டைவ் (ஆசைப்படுறது இல்ல, போன வருஷம் போனது).
2. எந்தத் தண்ணி. சேறு கலங்குன ஆழமில்லாத கடலா, தெளிஞ்ச ஆழக் கடலா.
3. சர்வீஸ் யாரு பண்ணுவா, உதிரி பாகம் எங்கருந்து வரும்.
4. நீங்க போற எடத்துல சிலிண்டர் வால்வு எந்த டைப்.
5. மூச்சு இழுக்குறதுக்கு எவ்வளவு லேசா இருக்கு.

இதுல மூணாவதுதான் மதுரைக்காரங்களுக்குத் தலையாய விஷயம். கடல் நமக்குப் பக்கத்துல இல்ல, ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர் சொச்சம். ரெகுலேட்டர் சர்வீஸ்க்கும் கூரியர்லதான் அனுப்பணும், சென்னை, பாண்டிச்சேரி, பெங்களூருன்னு எங்கயாவது. உங்க பிராண்டோட சர்வீஸ் கிட்டும் (சர்வீஸ்ல மாத்துற உதிரி பாக செட்டு) ரெகுலேட்டரத் தொறந்து மூடப் பழகுன ஆளும் பக்கத்து ஊர்ல இல்லன்னா, உலகத்துலயே நல்ல ரெகுலேட்டர வாங்குனாலும் ரெண்டாவது வருஷம் அது பீரோக்குள்ளதான் கெடக்கும்.

## வாங்காம வாடகைக்கே ஓட்டுறது

ஃபன் டைவ் காசுலயே ரெகுலேட்டர், பிசிடி (காத்து ஏத்தி எறக்குற மெதக்குற ஜாக்கெட்) எல்லாம் சேத்துத்தான் பெரும்பாலும் தர்றாங்க. சொந்தமா கொண்டு போனா சில எடத்துல கொஞ்சம் தள்ளுபடி கெடைக்கும், பல எடத்துல அதுவும் இல்ல. அதனால "வாங்குனா வாடக மிச்சம்"ங்கிற கணக்கு நம்ம ஊர்ல பாதிக்கு மேல பொய்யாப் போயிரும்.

ஒரு உதாரணத்துக்கு வச்சுக்கங்க, முழு செட்டு 50,000 ரூபா, வருஷா வருஷம் சர்வீஸும் கூரியரும் சேத்து 5,000. பத்து வருஷத்துல ஒரு லட்சம். வருஷத்துக்கு 8 டைவ் போறவருக்கு ஒரு டைவ்வுக்கு 1,250 ரூபா ஆகுது, 40 டைவ் போறவருக்கு 250தான். திருநகர்க்காரரு கிட்ட இந்தக் கணக்கத்தான் பேப்பர்ல போட்டுக் காட்டுனேன், அவரு வருஷத்துக்கு ஒரு தடவ லீவு போட்டுட்டு அந்தமானோ கர்நாடகா பக்கம் நேத்ராணித் தீவோ போறவரு, அம்புட்டுதான்.

ஆனா வாடகைக்கும் ஒரு மறைவு வெல இருக்கு, அது காசு இல்ல. பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு எடத்துல வாடக செட்டோட எறங்குனேன், 14 மீட்டர், ஒரு பாறை ஓரமா களவா மீனப் பாத்துக்கிட்டே தலையத் திருப்புனேன், திடீர்னு வாயில கனம் இல்ல. பல்லுல மவுத்பீஸ் ரப்பர் மட்டும் இருக்கு, செகண்ட் ஸ்டேஜ் கழண்டு தோளுக்குக் கீழ தொங்குது, அத இறுக்கிப் பிடிக்கிற அந்த சின்ன பிளாஸ்டிக் டை எப்பவோ அறுந்து போயிருக்கு, யாரும் பாக்கல, நானும் பாக்கல. மூச்ச இழுத்திருந்தா முழுசா உப்புத்தண்ணி. கோர்ஸ்ல திரும்பத் திரும்பப் பண்ண வச்சதாலதான் கை தன்னால நெஞ்சுக்கிட்ட இருந்த மஞ்ச ஆக்டோபஸ்ஸ, அதாவது அவசரத்துக்கு இருக்குற இன்னொரு செகண்ட் ஸ்டேஜ, எடுத்துச்சு. அன்னிக்குலருந்து யாரு குடுத்த ரெகுலேட்டரா இருந்தாலும் எறங்குறதுக்கு முன்னாடி மவுத்பீஸ ஒரு இழு இழுத்துப் பாத்துருவேன்.

அதனால வாடகையே போதும்னு முடிவு பண்றவங்க ரெண்டு பொருள் மட்டும் சொந்தமா வாங்கிக்கங்க: உங்க தாடைக்குப் பொருந்துற மவுத்பீஸ், மாஸ்க். மவுத்பீஸ் சில நூறு ரூபாய்தான், ரெண்டு டையோட பைல போட்டு வச்சுக்கிட்டா போற எடத்துல கேட்டு மாட்டிக்கலாம். அடுத்தவங்க கடிச்சதக் கடிக்க வேண்டியதும் இல்ல, தாடை வலியும் இல்ல.

வருஷத்துக்கு பத்து டைவ்வுக்குக் கீழயா, வாடகைதான், யோசிக்கவே வேணாம்.

## அன்பேலன்ஸ்டு பிஸ்டன்

இங்கருந்து சொல்றதெல்லாம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வகைங்க. இருக்குறதுலயே எளிமையானது இது, உள்ள ஒரு பிஸ்டன் அசைஞ்சு காத்தத் தொறந்து மூடும், வெலையும் கம்மி. ஸ்கூபாப்ரோ எம்கே2 இந்த வகைதான், டைவ் சென்டர்கள்ல வாடகைக்குப் போடுறதுக்கு இந்த மாதிரி எளிமையானதத்தான் பல பேரு விரும்புறாங்க, ஏன்னா உள்ள அசையுற பாகம் ரொம்பக் கொஞ்சம், சர்வீஸ் சீக்கிரம் முடியும், கிட்டும் மலிவு.

கொறை என்னன்னா, மொட்ட மாடி தண்ணித் தொட்டி மாதிரி இது. தொட்டி நெறஞ்சிருந்தா பாத்ரூம் பைப் ஜோரா வரும், அடில போனா நூலாட்டம் ஒழுகும்ல, அதே போல சிலிண்டர் கொறையக் கொறைய மூச்சு இழுக்க லேசா இறுக்கமாகும். 10, 12 மீட்டர்ல சுத்துறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. 20 மீட்டருக்குக் கீழ, சிலிண்டர்ல 60 பார்தான் இருக்கு, பக்கத்துல இருக்குறவருக்குக் காத்து தீந்து போயி உங்க ஆக்டோபஸ்ஸ வாங்கிக் கடிச்சிருக்காரு, ரெண்டு பேரும் பயத்துல வேக வேகமா இழுக்குறீங்க, அந்த நேரத்துலதான் தெரியும். 20 மீட்டர்ல அழுத்தம் மேல இருக்குறதப் போல மூணு மடங்கு, அப்ப ஒவ்வொரு மூச்சுக்கும் மூணு பங்கு காத்து அந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வழியா வந்தாகணும், அதுவும் ரெண்டு பேருக்கு.

இன்னொன்னு, பிஸ்டன் வகைல ஸ்ப்ரிங் இருக்குற அறைக்குள்ள கடல் தண்ணி போயிட்டு வரும், அதுக்குன்னே சுத்தி ஓட்ட இருக்கும். மண்டபம் பக்கம், பாக் விரிகுடா ஓரமா, நாலஞ்சு மீட்டர் ஆழத்துல கடல் புல் மேல போயிட்டு வந்தேன் ஒரு வாடைக்காத்து சமயத்துல, தண்ணி கலங்கி கைய நீட்டுனா வெரல் தெரியல. வீட்டுக்கு வந்து பேசின்ல ஊறப் போட்டா அந்த ஓட்டை வழியா காப்பிக் கலர்ல வண்டல் எறங்குது, ஒரு தடவ இல்ல, தண்ணிய மூணு தடவ மாத்துற வரைக்கும். அது உள்ள நின்னா பிஸ்டன் சுத்தி இருக்குற ஓ ரிங்க, அதான் அந்த ரப்பர் வளையத்த, அரிச்சுரும்.

யாருக்கு சரி: ஆழம் போகாதவங்க, கூட ஒரு கைடு எப்பவும் இருக்குறவங்க, டைவ் முடிஞ்சதும் ஒழுங்கா ஊற வச்சுக் கழுவுற பொறுமை இருக்குறவங்க.

## பேலன்ஸ்டு பிஸ்டன்

எம்கே25 மாதிரி. சிலிண்டர் நெறஞ்சிருந்தாலும் தீரப் போனாலும் ஒரே மாதிரி இழுக்கலாம், காத்து கொட்டும்னு சொல்லலாம். வெலை ஏறக்குறைய மேல சொன்னதுல ரெண்டு மடங்குக்குப் போயிரும். ஆனா அந்தத் தண்ணி போற அறை இதுலயும் உண்டு, வண்டல் தொல்லையும் அப்படியே. லட்சத்தீவு, அந்தமான்னு தெளிஞ்ச தண்ணிக்கு மட்டும் போறவங்க, ஆழமா போறவங்க, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். எங்க பக்கத்துக் கடலுக்குன்னா நான் இத எடுக்க மாட்டேன்.

## பேலன்ஸ்டு டயாஃப்ரம்

இங்கதான் என் மனசு நிக்குது, சொல்லிப்புடுறேன். எம்கே17, அபெக்ஸ் ரெகுலேட்டர்கள் எல்லாம் இந்த வகை. தண்ணிக்கும் உள்ள இருக்குற வால்வுக்கும் நடுவுல ஒரு ரப்பர் தகடு, அதுதான் டயாஃப்ரம், தண்ணி அத வெளிலருந்து அமுக்கும், உள்ள வராது. சேறு, மணல், உப்பு எல்லாம் அந்தத் தகடோட நின்னுரும். சீல் பண்ண மாடல்ல ஸ்ப்ரிங் மேலயும் தண்ணி படாது.

அந்த சீல் குளிர்க் கடலுக்காக வந்தது. 10 டிகிரிக்குக் கீழ இருந்தா அத கோல்ட் வாட்டர்னு ஐரோப்பாவோட இஎன் 250 தரம் சொல்லுது, அங்க தண்ணி உள்ள போனா ஒறஞ்சு வால்வு தொறந்தபடியே நின்னு காத்து கொட்ட ஆரம்பிச்சுரும். நம்ம கடல் வெந்நீர் மாதிரி, அந்த பயமே இல்ல. அதனால "கோல்ட் வாட்டர் கிட்"னு கூடக் காசு கேட்டா குளிருக்காகக் குடுக்காதீங்க, ஆனா தூத்துக்குடி, ராமேஸ்வரம் தண்ணிக்கு வண்டல் நிக்கிறதுக்காக அந்த சீல் பிரயோஜனம்தான், அப்படி நெனச்சுக் குடுக்கலாம்.

மறைவு செலவு: பாகம் அதிகம், அதனால சர்வீஸ் கிட் வெலை அதிகம், பழகுன ஆளு வேணும். டயாஃப்ரம் ரப்பர் சும்மா கெடந்தாலும் வயசாகும், அதுவும் சித்திரை மாசம் மதுரைல கார் டிக்கில போட்டு வச்சா சொல்லவே வேணாம்.

அந்தத் தூத்துக்குடிப் பொண்ணுக்கு இததான் சொன்னேன். வாரத்துக்கு நாலஞ்சு டைவ் போகப் போற புள்ள, கலங்குன தண்ணிலயும் எறங்கணும், புதுசா வர்றவங்க பதறிப் போயி அவ ஆக்டோபஸ்ஸ பறிச்சா அத அந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் தாங்கணும். கடன் வாங்கியாவது வாங்குன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல, ஆனா அவ கிட்ட மொபைல மாத்துறதத் தள்ளிப்போட்டுட்டு இத வாங்கும்மான்னு சொன்னேன்.

ஒரே பார்வைல பாக்கணும்னா:

| | வாடகை | அன்பேலன்ஸ்டு பிஸ்டன் | பேலன்ஸ்டு பிஸ்டன் | பேலன்ஸ்டு டயாஃப்ரம் |
|---|---|---|---|---|
| வருஷ டைவ் | 10க்குள்ள | 10–25 | 25க்கு மேல | 25க்கு மேல |
| கலங்குன தண்ணி | அவங்க கவலை | அடிக்கடி கழுவணும் | அடிக்கடி கழுவணும் | நல்லா தாங்கும் |
| 20 மீட்டருக்குக் கீழ, காத்து கொறஞ்சப்ப | எது மாட்டுதோ அது | இறுகும் | சரளம் | சரளம் |
| சர்வீஸ் | இல்ல | எளிது, மலிவு | நடுத்தரம் | கூடுதல் செலவு |

## செகண்ட் ஹேண்ட்

வாங்கலாம், ஆனா வெலைல ஒரு முழு சர்வீஸ் செலவக் கழிச்சுட்டுப் பேசுங்க. நேர்ல பாக்கறப்ப ஒரு சோதனை: ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில தூசி, தண்ணி போகாம மூடுற டஸ்ட் கேப்ப இறுக்கி மூடிட்டு (இல்ல கட்டவெரல வச்சு நல்லா அடச்சுட்டு) மவுத்பீஸ்ல இழுங்க. காத்து கொஞ்சம் கூட வரக்கூடாது, நாக்கு ஒட்டிக்கணும். வந்துச்சுன்னா செகண்ட் ஸ்டேஜ்ல இருக்குற டயாஃப்ரமோ (அதுலயும் ஒன்னு உண்டு), மூச்சு வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வோ எங்கயோ கிழிஞ்சிருக்கு. அப்புறம் ஹோஸ் ரெண்டு முனையிலயும் இருக்குற ரப்பர் ஒறைய தள்ளிட்டுப் பாருங்க, விரிசல் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். சிலிண்டர்ல மாட்டிப் பாக்க வாய்ப்பிருந்தா வால்வத் தொறந்துட்டு அஞ்சு நிமிஷம் சும்மா வைங்க, செகண்ட் ஸ்டேஜ்லருந்து மெதுவா புஸ்ஸுன்னு காத்து கசிய ஆரம்பிச்சா பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல வால்வு அடைக்கிற சீட் தேஞ்சு அழுத்தம் ஏறுதுன்னு அர்த்தம்.

ரொம்பப் பழைய மாடல்னா கிட்டே வராது. அந்த பித்தளை எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் விட்டுருங்க.

## யோக்கா, டின்னா

யோக்குன்னா சிலிண்டர் வால்வ சுத்திப் போட்டு பின்னாடி திருகி இறுக்குறது, 232 பார் வரைக்கும்தான். டின் வால்வுக்குள்ளயே மரை போட்டு ஏறும், 300 பார் வரைக்கும் உண்டு, ஓ ரிங் உள்ள அடைபட்டு இருக்கறதால பிதுங்காது. டின்தான் உறுதி, கனமும் கொறவு. ஆனா நம்ம பக்கம் ஓடுறது பெரும்பாலும் அலுமினிய 80 சிலிண்டர், யோக் மாட்டுறதுக்குத் தோதான வால்வு, சிலதுல நடுவுல இருக்குற இன்சர்ட்ட ஆலன் கீ போட்டுக் கழட்டுனா டின்னும் ஏறும், எல்லாத்துலயும் கழலாது. அதனால இங்கயே சுத்துறவங்க யோக்கே வாங்குங்க. வெளிநாடு போற எண்ணம் இருந்தா டின் வாங்கி யோக் அடாப்டர் ஒன்னு வச்சுக்கங்க, அடாப்டர் போட்டா ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பின்னால துருத்திக்கிட்டு மண்டைல இடிக்கும், அத முன்னாடியே தெரிஞ்சுக்கங்க.

யோக்குக்கு சிலிண்டர் ஓ ரிங் அடிக்கடி போகும், படகுல "டப்"புன்னு சத்தத்தோட காத்து சீறும். நான் நாலு ஓ ரிங்க குங்குமச் சிமிழ்ல போட்டு பைலயே வச்சிருக்கேன், எத்தன பேரோட டைவ்வ அது காப்பாத்தியிருக்கு.

## விளம்பரத்துல வராத செலவு

போட்டிருக்குற வெலை பல நேரம் ஃபர்ஸ்ட், செகண்ட் ஸ்டேஜுக்கு மட்டும்தான். ஆக்டோபஸ், பிரஷர் கேஜ், பிசிடிக்குப் போற ஹோஸ் எல்லாம் தனி. சர்வீஸ்லயும் ஆக்டோபஸ்ஸுக்குத் தனி கிட், தனி கூலி, அத மறந்துட்டுக் கணக்குப் போடுறவங்கதான் அதிகம். பிராண்டப் பொறுத்து வருஷத்துக்கு ஒரு தடவயோ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவயோ, இல்ல இத்தன டைவ்வுக்கு ஒரு தடவன்னோ புக்லயே போட்டிருப்பாங்க, எது முதல்ல வருதோ அது. டைவ் போகலன்னாலும் அந்தக் காலக்கெடு ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

கழுவுறதுக்கு நல்ல தண்ணி வேணும், இத நான் அடிச்சு சொல்லுவேன். எங்க தெரு போர் தண்ணி பக்கெட்டுல நின்னா ஓரத்துல வெள்ளையா பூக்கும், அதுல ரெகுலேட்டர ஊற வச்சா கடல் உப்பு போயி சுண்ணாம்பு ஒட்டிக்கும், என் முதல் ஆக்டோபஸ் பட்டன் சுத்தி அப்படித்தான் வெள்ளையா இறுகிப் போச்சு. இப்ப குடிக்கப் பிடிக்கிற கார்ப்பரேஷன் தண்ணில ரெண்டு குடம் இதுக்குன்னு ஒதுக்கிருவேன். டஸ்ட் கேப்ப தொடச்சுட்டு இறுக்கி மூடணும், அரை மணி நேரம் ஊறணும், ஊறறப்ப செகண்ட் ஸ்டேஜ் முன்னால இருக்குற பர்ஜ் பட்டன அமுக்கவே கூடாது, அமுக்குனா வால்வு தொறந்து ஹோஸ் வழியா தண்ணி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரைக்கும் போயிரும். நெழல்ல காய வச்சு, மவுத்பீஸ் வாய ஒரு துணிப்பைல கட்டி வைங்க. தெரிஞ்சவரு ஒருத்தரு பால்கனில தொங்க விட்டுட்டாரு, ரெண்டு வாரத்துல குளவி மண்ணு வச்சுக் கூடு கட்டிருச்சு.

பின்னல் போட்ட அந்த மெல்லிசு ஹோஸ் அழகா வளையும், ஆனா சூடான எடங்கள்ல சில வகைல உள்குழாய் சிதஞ்சு படிகம் மாதிரி சேந்து காத்த அடைச்ச சம்பவங்கள் பதிவாகியிருக்கு. நம்ம வெயிலுக்கு நான் பழைய ரப்பர் ஹோஸ்லயே இருக்கேன்.

லேத்துப் பட்டறைல தெரிஞ்ச அண்ணன் இருக்காரு, தொறந்து தேங்கெண்ணெய் விட்டா சரியாயிரும்னு யாராவது சொன்னா தயவு செஞ்சு கேக்காதீங்க. எண்ணெய்யும் அழுத்தக் காத்தும் சேரக்கூடாது, நைட்ராக்ஸ் மாதிரி ஆக்சிஜன் கூடுன காத்துன்னா தீயே பிடிக்கலாம். அதுக்குன்னு இருக்குற கிரீஸ், அழுத்தம் பாக்குற கேஜ், கழட்டுற டூல்ஸ் எல்லாம் வேற.

இப்ப சித்தப்பா மகன் கதைக்கு வர்றேன். துபாய்ல வெலை கம்மியா கெடைக்கலாம், ஆனா அங்க வாங்குனதுக்கு இங்க வாரன்டி செல்லுமான்னு எழுத்துல கேக்கணும், பில் பத்திரமா வேணும், அலவன்ஸ தாண்டுனா கஸ்டம்ஸ் டியூட்டி. அவன் வருஷத்துக்கு இருபது டைவ் போறான், முக்கால்வாசி ராமேஸ்வரம் பக்கம். எந்த மாடல்னு நான் சொல்லல. முதல்ல சர்வீஸ் பண்றவருக்கு போன் போட்டு, "உங்ககிட்ட எந்தெந்த மாடலுக்கு கிட் கையில இருக்கு"ன்னு கேளுடான்னேன். அவரு மூணு மாடல் சொல்லியிருக்காரு, அதுல ஒன்னு சீல் பண்ண டயாஃப்ரம். கணக்குல இருவத்தஞ்சுக்குக் கொஞ்சம் கீழதான் அவன், ஆனா தண்ணி அந்தத் தண்ணி, அதனால அதையே யோக்ல கொண்டாரச் சொல்லியாச்சு, கூடவே ரெண்டு மவுத்பீஸும், அந்த மாடலுக்கான ஒரு சர்வீஸ் கிட்டும். வர்ற வெள்ளிக்கெழமை கூட்டாளி வந்து எறங்குறான்.